சூரை மீனின் நாற்றங்கால்

கடல்வாழ் மீன்களுள் உருவத்தாலும் வலிமையாலும் விரைவாலும் சிறந்து விளங்குவன மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று அட்லாண்டிக் பெருங்கடலில் வாழும் நீலத்துடுப்புச் சூரையாகும். நம் கடற்கரை ஊர்களில் வாழ்வோர், சந்தையில் விற்கப்படும் சூரை மீனை நன்கு அறிவர். அது பெரும்பாலும் ஒரு முழம் இருக்கும். மிஞ்சினால் இரு முழம். அதன் உறவினமாகிய நீலத்துடுப்புச் சூரையோ பத்தடிக்கு மேலும் வளரக்கூடியது. 1979-ஆம் ஆண்டில் கனடா நாட்டு நோவா ஸ்கோஷியாக் கடற்புறத்தில் பிடிபட்ட ஒரு சூரை 679 கிலோகிராம் எடை இருந்தது. நன்கு கொழுத்த எருமையின் எடைக்கு அது குறைந்ததன்று.

பெரும்பாலான பிற மீன்களுக்கு இல்லாத ஒரு பேறு இம்மீனுக்கு உண்டு. பொதுவாக மீனின் உடல், சுற்றியுள்ள நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கின்றதோ அவ்வளவு குளிர்ந்தே இருக்கும். சூரையின் உடலிலோ குருதிக்குழல்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. தசைகள் உழைக்கும்போது தோன்றும் வெப்பம், செவுள்களின் வழியே கடலுக்குள் ஓடிப்போகாமல், அவ்வலையிலே தடுக்கப்பட்டு உடலுக்கே திரும்புகின்றது. ஆதலின், பனிக்கட்டி மிதக்கும் வடகடல்களிலும் இம்மீன் உடல் வெதுவெதுப்புடன் இரை தேடித் திரியும். நியூபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா, நார்வே ஆகியவற்றை அடுத்த குளிர்கடல்களில் மத்தியும் கானாங்கெளுத்தியும் போன்ற மீன்கள் கோடிக்கணக்கில் கூட்டங்கூட்டமாய் வாழ்கின்றன. சூரைகள் அங்கே சென்று, வயிறார உண்டு, உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன.

இவ்வாறு உணவுக்குக் குறைவில்லாத இடத்தில் வாழும் மீன், தன் முட்டைகளையும் அங்கேயே இட்டுவிட்டால் எவ்வளவு நலமாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும். ஆனால், சூரை அவ்வாறு செய்வதில்லை. இனப்பெருக்கக் காலம் நெருங்கியதும் அவ்வளமான கடலை விட்டு நீங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி, வெப்பமும் தெளிவும் உடைய, ஆனால் உணவு மிகக் குறைந்த நீலக்கடல் ஒன்றைத் தேடிச் செல்கின்றது. செல்வம் கொழிக்கும் ஊரை விட்டுப் பாலைநிலத்திற்குச் சென்று பிள்ளை பெறுவாரும் உண்டோ? இவ்வினாவுக்கு விடை காண முயன்றதனாலேதான், கடலின் வெப்பமும் உப்பும் நீரோட்டமும் ஒரு மீனினத்தின் வாழ்வையும் தாழ்வையும் எங்ஙனம் முடிவு செய்கின்றன என்பதை அறிஞர்கள் கற்றறிந்தனர்.

நீலத்துடுப்புச் சூரைகளுக்குப் பெரும் பிறப்பிடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, அமெரிக்காவின் தென்புறத்தில் உள்ள மெக்சிகோ வளைகுடா. மற்றொன்று, ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட மத்தியதரைக் கடல். வளைகுடாவில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் சூன் வரையிலும், மத்தியதரைக் கடலில் மே முதல் சூலை வரையிலும் அவை முட்டையிடுகின்றன. உணவு தேடும் காலத்தில் இரு கடல்களிலும் பிறந்தவை பெருங்கடலின் நடுவே ஒன்றோடொன்று கலந்து திரிகின்றன. முட்டையிடும் பருவம் வந்ததும், தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் மகளைப் போல, பெரும்பாலும் அவையவை தாம் பிறந்த கடலுக்கே மீளுகின்றன. இவ்விரண்டைத் தவிர, அமெரிக்காவின் கீழ்க்கரைக்கும் வளைகுடா நீரோட்டத்திற்கும் இடைப்பட்ட கடற்பகுதியிலும் சூரையின் இளங்குஞ்சுகள் 2013-ஆம் ஆண்டில் கிடைத்தன. அதுவும் ஒரு பிறப்பிடமே என 2016-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

இப்பயணத்தைப் பழங்கால மக்களும் ஓரளவு அறிந்திருந்தனர். வேனில் தோறும் ஜிப்ரால்டர் நீரிணை வழியே சூரைக் கூட்டங்கள் மத்தியதரைக் கடலுக்குள் நுழைவதைக் கண்ட பினீசியர், கரையோரத்தில் அவற்றை மடக்கிப் பிடித்தனர். அவர்களைப் பின்பற்றிய நெடு வலைகளைக் கட்டி மீன் பிடிக்கும் தொழில் ஸ்பெயினின் தென்கரையில் இன்றும் நடைபெறுகின்றது. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், சூரைகள் கருங்கடலில்தான் முட்டையிடுகின்றன, வேறெங்கும் இடுவதில்லை என எழுதி வைத்தார். அவர் மாபெரும் அறிஞரேயாயினும், அவர் கண்ணுக்கு எட்டியது அவர் நாட்டைச் சூழ்ந்த கடல் மட்டுந்தானே!

1920-ஆம் ஆண்டுகளில் இத்தாலிய அறிஞர் மாசிமோ செல்லா ஓர் எளிய வழியால் இம்மீனின் பயணத்தை ஆராய்ந்தார். தூண்டிலை அறுத்துக்கொண்டு தப்பிய சூரைகளின் வாயில் முள் தங்கிவிடுவதுண்டு. மத்தியதரைக் கடலில் பிடிபட்ட மீன்களின் வாயில் இருந்த முட்களைச் சேகரித்து, ஒவ்வொன்றும் எந்நாட்டுக் கொல்லன் செய்த வடிவினது என்று அவர் ஆராய்ந்தார். தொலைநாட்டு முட்கள் கிடைத்தபோது, மீன் தொலைநாட்டிலிருந்து வந்திருக்கின்றது என்பது விளங்கிற்று. முள்ளே ஓலையாயிற்று! இக்காலத்திலோ, மீனின் உடலிற் பொருத்தப்படும் சிறு மின்னணுக் கருவி, நீரின் ஆழத்தையும் வெப்பத்தையும் ஒளியையும் இடைவிடாமற் பதிவு செய்கின்றது. பகற்பொழுதின் நீளத்தைக் கொண்டு மீன் எவ்வளவு வடக்கே இருந்தது என்பதையும், உச்சிப்பொழுது நேர்ந்த நேரத்தைக் கொண்டு எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே இருந்தது என்பதையும் கணக்கிட்டு அறிகின்றனர்.

இனி, முட்டையிடும் செயலைப் பார்ப்போம். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், நீரின் மேற்பரப்பை ஒட்டி, ஆணும் பெண்ணும் கூட்டமாகச் சேர்ந்து முட்டைகளையும் விந்தையும் நீரில் விடுகின்றன. நன்கு வளர்ந்த ஒரு பெண்சூரை ஒரு பருவத்தில் கோடிக்கு மேற்பட்ட முட்டைகளையும் இடவல்லது. ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும்; கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்; உள்ளே ஒரு சிறு எண்ணெய்த்துளி இருப்பதால் மிதக்கும். தாய்மீன் கூடு கட்டுவதில்லை. காவல் இருப்பதும் இல்லை. முட்டையைக் கடலிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றுவிடுகின்றது. அதன் பின்னர், அம்முட்டைக்குத் தாயும் செவிலியும் கடலே.

ஆகவே, எந்தக் கடலிடம் ஒப்படைப்பது என்பதில் மட்டும் சூரை மிகுந்த கவனம் கொள்கின்றது. மெக்சிகோ வளைகுடாவில் நீரின் மேற்பரப்பு, சென்டிகிரேடு அளவையில், ஏறத்தாழ 24 பாகை வெப்பத்தை அடையும் வரையில் அது முட்டையிடுவதில்லை. மத்தியதரைக் கடலில் 21, 22 பாகையிலேயே தொடங்கிவிடும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் முட்டை ஒன்றரை நாளில் பொரித்துவிடும். நீர் குளிரக் குளிரக் காலம் நீளும். 20 பாகைக்கு மிகவும் குறைந்துவிட்டால் முட்டைகள் செவ்வனே பொரிப்பதில்லை. பொரித்தவற்றுள்ளும் பல உருக்குலைந்து பிறக்கின்றன. முட்டைப் பருவத்தில் ஓடவும் ஒளியவும் இயலாது. எனவே, அப்பருவம் எவ்வளவு விரைவிற் கழிகின்றதோ அவ்வளவு நன்மை.

வெப்பம் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று எண்ணிவிடலாகாது. குஞ்சுக்கு இனிதாக இருக்கும் வெந்நீர் தாய்க்குத் துன்பமாகும். குளிர்கடலில் வெப்பத்தைக் காத்துக் கொடுத்த அதே குருதிக்குழல் வலை, வெப்பக்கடலில் உடலைக் கொதிக்கச் செய்கின்றது. மேலும், வெந்நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். சூரையின் பெரிய இதயத்திற்கோ உயிர்வளி மிகுதியாக வேண்டும். வளைகுடாவுக்குள் நுழையும்போதும் அங்கிருந்து வெளியேறும்போதும் சூரைகள் வெப்பமான மேல்நீரைத் தவிர்த்து ஆழத்திற்குள் மூழ்கிச் செல்கின்றன என்பதை மின்னணுக் கருவிகள் காட்டியிருக்கின்றன. முட்டையிடும் நாட்களில், அதுவும் இரவில், மேலே வந்து தம் கடமையை முடித்துக்கொள்கின்றன. நீர் 28, 29 பாகைக்கு மேற்பட்டுச் சூடேறிவிட்டால் அங்கே அவை தங்குவதில்லை. தாய்க்குப் பொறுக்கலாகும் வெப்பத்திற்கும் குஞ்சுக்கு வேண்டிய வெப்பத்திற்கும் இடையே உள்ள நான்கைந்து பாகைகளே சூரையினத்தின் முகூர்த்த காலம். அது சில வாரங்களே நீடிக்கும்.

வெப்பம் ஒருபுறமிருக்க, உணவு குறைந்த கடலை நாடுவது ஏன்? வளமான கடல் பசுமை கலந்த நிறத்துடன் இருக்கும். நுண்பாசிகளின் நிறம் அது. பாசியைத் தின்னும் சிற்றுயிர்களும், அவற்றைத் தின்னும் மீன்களும், சொறி மீன்களும் அங்கே நிறைந்திருக்கும். அவற்றுட் பல, மிதக்கும் முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் வாரி விழுங்குவன. பாசியின்றித் தெளிந்த ஆழ்நீல நீரிலோ தின்பாரும் மிகக் குறைவு. உணவு குறைந்த இடத்தில் பகையும் குறைவு என்பதே அறிஞர் பலரும் கூறும் விளக்கம். நம் உழவர் நெல்லை நேரே வயலில் விதைத்துவிடாமல், நாற்றங்காலில் விதைத்து, நாற்று வளர்ந்த பிறகு நடவு வயலுக்குக் கொண்டு செல்வதில்லையா? களையும் பகையும் குறைந்த சிறு நிலத்தில் முளையைக் காத்து, வலிமை பெற்ற பின்னரே பெருவயலுக்கு அனுப்புகின்றனர். வடகடல்கள் சூரையின் நடவு வயல்; நீலக்கடல் அதன் நாற்றங்கால்.

அந்நாற்றங்காலுக்கு வேண்டிய உரத்தையும் தாயே சுமந்து வருகின்றது. குளிர்கடலில் உண்டு சேர்த்த கொழுப்பே ஆயிரம் கல் பயணத்திற்கும் முட்டைகளின் மஞ்சட்கருவிற்கும் முதலாகின்றது. வடகடலின் வளத்தை முட்டைக்குள் பொதிந்து தென்கடலுக்கு எடுத்து வருகின்றது எனலாம்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதற்கு அப்போது கண் தெளிவாக இல்லை, வாய் திறந்திருக்கவில்லை. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சட்கருவே கட்டுச்சோறு. அச்சோறு இரண்டு மூன்று நாட்களில் தீர்ந்துவிடும். அதற்குள் கண் தெளிந்து, வாய் திறந்து, தன் உணவைத் தானே பிடிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாளில் அதன் வாய்க்கெட்டும் தொலைவில், அதன் வாய்க்கேற்ற அளவில் இரை இல்லையெனில், பிறகு எவ்வளவு இரை வந்தாலும் பயனில்லை. பசியால் மெலிந்த குஞ்சுக்கு இரையைத் துரத்தும் வலிமையும் போய்விடும்.

மீனினங்களின் வாழ்வில் இச்சில நாட்களே முடிவு செய்யும் நாட்கள் என்ற கருத்தை 1914-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் யோஹான் யோர்ட் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது சூரையை அன்று. தம் நாட்டுக் கடலில் வாழும் ஹெர்ரிங் மீனையும் காட் மீனையுமே ஆராய்ந்தார். மீனின் செதிலில் உள்ள வளையங்களைக் கொண்டு அதன் வயதை அறியலாம். அவ்வாறு எண்ணிப் பார்த்தபோது, 1904-ஆம் ஆண்டில் பிறந்த ஹெர்ரிங் மீன்களே பல்லாண்டுகள் தொடர்ந்து வலைகளில் மிகுதியாக அகப்பட்டு வந்தமையைக் கண்டார். மற்ற ஆண்டுகளிலும் தாய்மீன்கள் முட்டையிட்டன. ஆனால், குஞ்சுகள் பிழைக்கவில்லை. ஆகவே, கடலில் மீன் மிகுவதும் குறைவதும் இட்ட முட்டைகளின் தொகையை மட்டும் பொறுத்ததன்று. உணவு தேடத் தொடங்கும் குஞ்சுக்குக் கடல் உணவளித்ததா என்பதையும் பொறுத்தது என்று அவர் கூறினார். பிற்காலத்தார் இக்கருத்தில் பல திருத்தங்கள் செய்தனர். எனினும், மீன்வள ஆராய்ச்சியில் இதைப்போல் நெடுங்காலம் பயன்தந்த கருத்து வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சூரையின் குஞ்சு இக்கண்டத்தைத் தாண்டுவதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற உடலமைப்பு உடையது. உடலில் பெரும்பகுதி தலையே. தலையில் பெரும்பகுதி கண்ணும் வாயுமே. பகலொளியில் கண்ணாற் கண்டு வேட்டையாடும் இயல்புடையதாதலால், தெளிந்த நீலநீர் இதற்கு ஏற்றதாகின்றது. நீர்ப்பரப்பிலிருந்து இருபது முப்பது மீட்டர் ஆழத்திற்குள்ளேயே இது வாழும். முதலில் இறாலினத்தைச் சார்ந்த நுண்ணிய மிதவை உயிர்களின் குஞ்சுகளையும், பின்னர்த் தலைப்பிரட்டை வடிவுடைய ஒருவகை மிதவை உயிர்களையும் தின்று வளரும். ஏழெட்டு மில்லிமீட்டர் நீளம் வந்ததும் பிற மீன்களின் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கும். தன் இனத்துக் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. கோடிக்கணக்கில் முட்டையிடுவதன் பயன்களுள் இதுவும் ஒன்று போலும்! முந்திப் பிறந்தவற்றுக்குப் பிந்திப் பிறந்தவை இரையாகின்றன.

விரைந்து வளர்வதே இக்குஞ்சுக்குப் பாதுகாப்பு. மூன்று மில்லிமீட்டர்க் குஞ்சை விழுங்கும் வாய்கள் பல. முப்பது மில்லிமீட்டர் மீனை விழுங்கும் வாய்கள் அவ்வளவு இல்லை. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் குஞ்சு விரைந்து வளரும். ஆனால், விரைந்து வளரும் உடலுக்கு உணவும் விரைந்து வேண்டும். வெந்நீரும் உணவும் ஒருங்கே அமைந்தால் நல்வாழ்வு. வெந்நீர் மட்டும் இருந்து உணவு இல்லையாயின், குளிர்நீரில் இறப்பதைவிட விரைவாகவே இறந்துபடும்.

உணவு குறைந்த கடலில் இக்குஞ்சுகள் உணவைக் காண்பது எங்ஙனம்? இங்கேதான் நீரோட்டங்களின் உதவி வேண்டப்படுகின்றது. மேலிருந்து நோக்குவோர்க்கு ஒரே நீலமாகத் தோன்றும் கடல், உண்மையில் ஒரே தன்மையுடையதன்று. ஆறுகள் போன்ற ஓட்டங்களும், அவற்றிலிருந்து பிரிந்த சுழிகளும், இருவகை நீர்கள் சந்திக்கும் எல்லைகளும் அதில் உள்ளன. மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குக் கிழக்கே உள்ள பலேரிக் தீவுகளைச் சூழ்ந்த பகுதியை எடுத்துக்கொள்வோம். மத்தியதரைக் கடலில், மழையாலும் ஆறுகளாலும் வரும் நீரைவிட, வெயிலால் ஆவியாகும் நீரே மிகுதி. அக்குறையை நிரப்ப, அட்லாண்டிக் கடலின் நீர் ஜிப்ரால்டர் வழியே ஓயாது உள்ளே பாய்கின்றது. புதிதாக வந்த நீரில் உப்புக் குறைவு. அங்கேயே நெடுநாள் தங்கி ஆவியான பழைய நீரில் உப்பு மிகுதி. இவ்விரு நீர்களும் பலேரிக் தீவுகளின் அருகே எதிர்ப்படுகின்றன. ஆயிரம் பங்கு நீரில் ஏறத்தாழ 37 பங்கு உப்பு உள்ள அவ்வெல்லைப் பகுதிகளிலே சூரைக் குஞ்சுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன.

இரு நீர்கள் சந்திக்கும் எல்லையில், வெள்ளம் வடிந்த வாய்க்காலின் வளைவில் சருகுகள் சேர்வதுபோல, மிதக்கும் பொருள்கள் யாவும் சேர்கின்றன. பரந்து கிடக்கும் சிற்றுணவு அங்கே ஒருங்கு திரள்கின்றது. சுழிகளோ வேறொரு நன்மையும் செய்கின்றன. சுழிக்குள் பிறந்த குஞ்சு, வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஏறத்தாழ அதே இடத்தில் தங்குகின்றது. வேண்டாத கடலுக்கு அடித்துச் செல்லப்படுவதில்லை. ஆகவே, சிறிதேனும் வளம் மேலெழ வேண்டும். எழுந்த வளம் ஓரிடத்தில் திரள வேண்டும். குஞ்சுகளும் அங்கேயே தங்க வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தைத்தான் சூரை நாடுகின்றது.

மெக்சிகோ வளைகுடாவில் இவ்வேலையைச் செய்வது, கரிபியன் கடலிலிருந்து யூக்கட்டான் கால்வாய் வழியே வடக்கே புகுந்து, வளைந்து திரும்பி, புளோரிடா நீரிணை வழியே வெளியேறும் வளைய நீரோட்டம். அந்நீரோட்டத்தின் நடுப்பகுதி மிகவும் சூடானது. அங்கே குஞ்சுகள் அரியன. அதன் ஓரங்களிலும், அதிலிருந்து அவ்வப்போது பிரிந்து மேற்கே நகரும் பெருஞ்சுழிகளின் புறங்களிலும் குஞ்சுகள் அகப்படுகின்றன. இச்சுழிகளுள் சில முந்நூறு கிலோமீட்டர் அகலம் உடையவை. அவை எந்த ஆண்டில் எங்கே அமையும் என்பது ஆண்டுதோறும் மாறும். எனவே, சூரையின் நாற்றங்கால் நிலத்தில் உள்ள நாற்றங்காலைப் போல வரப்பிட்டு வரையறுக்கப்பட்டதன்று. ஆண்டுக்கு ஓரிடமாக நகரும் தன்மையது. நிலப்படத்தில் ஒரு வட்டத்தை வரைந்து, இதுவே சூரை பிறக்கும் இடம் என்று காட்டிவிட இயலாது.

அலையும் காற்றும் செய்யும் வேலையும் சிறிதன்று. இதனைக் கடலில் நேரே காண்பது அரிது. ஆனால், ஜப்பானில் சூரையைத் தொட்டியில் வளர்க்க முயன்றவர்கள் தம் தோல்விகளால் இதைக் கற்றனர். கிண்டாய் பல்கலைக்கழகத்தார் 1970-ஆம் ஆண்டில், பசிபிக் கடலைச் சார்ந்த நீலத்துடுப்புச் சூரையைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினர். வலைக்கூண்டில் வளர்ந்த மீன்கள் 1979-இல் முதன்முறையாக முட்டையிட்டன. பின்னர், 1983 முதல் பதினோராண்டுகள் ஒரு முட்டையும் இடவில்லை! ஆராய்ச்சியாளர் மனந்தளராது காத்திருந்தனர். 1994-இல் மீண்டும் முட்டைகள் கிடைத்தன. ஆனால், பொரித்த குஞ்சுகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. பகலில் சில, நீரின் மேற்பரப்பில் ஏடுபோல் படர்ந்த இறுக்கத்தில் சிக்கி, மீண்டும் உள்ளே செல்ல மாட்டாமல் இறந்தன. இரவில் வேறு சில, நீந்துவதை நிறுத்தியவுடன் கனத்தால் மெல்ல மெல்லத் தாழ்ந்து, தொட்டியின் அடியில் மோதி இறந்தன. அகன்ற கடலில் இவ்விரு இடர்களையும் அலையும் நீரின் அசைவும் நீக்குகின்றன போலும் என உணர்ந்தனர். தொட்டியின் மேற்பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை இட்டும், இரவில் அடியிலிருந்து நீரை மேலே எழச் செய்தும் குஞ்சுகளைக் காத்தனர். 2002-ஆம் ஆண்டில், தொட்டியிற் பிறந்து வளர்ந்த சூரைகளே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. முப்பத்திரண்டு ஆண்டு உழைப்பின் பயன் அது.

கடலில் நீரின் அசைவு அளவோடு இருக்க வேண்டும். அசைவே இல்லையெனில் இரை குஞ்சின் அருகே வாராது. புயல் வீசிக் கடல் கலங்கினாலோ, திரண்டிருந்த இரை சிதறிப்போகும். எதிர்ப்பட்ட இரையையும் குஞ்சினால் பற்றிக்கொள்ள இயலாது.

இச்செய்திகளையெல்லாம் எவ்வாறு அறிந்தனர்? மெக்சிகோ வளைகுடாவில் 1977 முதல் அமெரிக்க ஆராய்ச்சிக் கப்பல்கள் வேனிற் பருவத்தில் சூரைக் குஞ்சுகளைத் தேடி வந்துள்ளன. இரண்டு வளையங்களில் கட்டிய நுண்கண் வலைகளை நீரில் இழுத்துச் சென்று, அகப்பட்டவற்றைப் புட்டிகளில் அடைத்து, பின்னர் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பிரித்தறிகின்றனர். பலவகைச் சூரைகளின் குஞ்சுகளும் ஒன்றுபோலவே தோன்றுமாதலால் இது பொறுமை மிக்க பணி. குஞ்சின் தலைக்குள் உள்ள செவிக்கல் அவர்களுக்குப் பெருந்துணை. மரத்தின் வளையங்கள் ஆண்டைக் காட்டுவதுபோல, அக்கல்லின் வளையங்கள் நாளைக் காட்டுகின்றன; நாளொன்றுக்கு ஒரு வளையம். வளையங்களை எண்ணினால் குஞ்சு பிறந்த நாள் தெரியும். வளையங்களின் இடைவெளியை அளந்தால், எந்நாளில் நன்கு உண்டது, எந்நாளில் பட்டினி கிடந்தது என்பதும் தெரியும். மணலினும் சிறிய அக்கல், ஒரு நாட்குறிப்பேடாகப் பயன்படுகின்றது.

கடலின் நிலை மாறும்போது குஞ்சுகளின் ஊழும் மாறுவதற்கு ஒரு சான்று 2003-ஆம் ஆண்டு. அவ்வாண்டுக் கோடையில் ஐரோப்பா கடும் வெப்பத்தால் வாடியது. நிலத்தில் முதியோர் பலர் மடிந்தனர். ஆனால், அவ்வெப்பம் மத்தியதரைக் கடலின் மேல்நீரை விரைந்து சூடேற்றியதால், அங்கே பிறந்த சூரைக் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைத்தன என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவ்வாண்டில் பிறந்தவை பின்னர்ப் பெருந்தொகையினவாக வளர்ந்து விளங்கின. மத்தியதரைக் கடல் குளிர்ந்த எல்லையை ஒட்டியதாதலின், சிறிது வெப்பம் அங்கே உதவியாயிற்று. வளைகுடாவின் நிலை வேறு. அது முன்பே வெப்பத்தின் மேலெல்லையை நெருங்கியது. உலகின் வெப்பம் இவ்வாறே உயர்ந்து வந்தால், மே, சூன் மாதங்களில் அந்நீர் சூரைக்குப் பொறுக்கலாகாத வெப்பத்தை அடையும் என்றும், முட்டையிடும் காலம் முன்னே தள்ளப்படலாம் என்றும் கணக்கிட்டுள்ளனர். காலம் முன்னே நகர்ந்தால், அப்போது குஞ்சுக்கு உரிய சிற்றிரையும் முன்னே தோன்றியிருக்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால், விருந்தினர் வந்த நாளில் அடுப்பு மூட்டாத வீடுபோல் ஆகிவிடும்.

இயற்கை செய்யும் மாறுதல்களோடு மனிதர் செய்தவையும் சேர்ந்தன. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 87 நாட்கள் கச்சா எண்ணெய் கடலுக்குள் பெருகியது. சூரை முட்டையிடத் தொடங்கும் அதே காலம் அது! எண்ணெய் படர்ந்த பகுதி, முட்டையிடுதற்குரிய பரப்பில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு என்று பின்னர் ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது ஆறுதல் தருவதே. ஆயினும், கச்சா எண்ணெய் சூரையின் இதய உயிரணுக்களின் துடிப்பைக் குலைக்கின்றது என்றும், எண்ணெய் கலந்த நீரில் வளர்ந்த கருக்களின் இதயம் உருத்திரிகின்றது என்றும் 2014-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஒரு துளி எண்ணெய் தாய்மீனுக்கு ஒன்றும் செய்யாதிருக்கலாம். ஒரு மில்லிமீட்டர் முட்டைக்கோ, சுற்றியுள்ள நீரே உலகம்.

மீன்பிடிப்பும் நாற்றங்காலையே தாக்கியது. முட்டையிட ஒரே இடத்தில் திரளும் மீன்களைப் பிடிப்பது எளிது, ஊதியமும் மிகுதி. அட்லாண்டிக் சூரைகளைக் காப்பதற்கென 1969 முதல் இயங்கும் பன்னாட்டு ஆணையம், மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிட வரும் நீலத்துடுப்புச் சூரையைக் குறிவைத்துப் பிடிப்பதை 1982-இல் தடை செய்தது. மத்தியதரைக் கடலிலோ மீன்பிடிப்பு எல்லை கடந்து சென்றது. 2010-இல் இம்மீனின் பன்னாட்டு வாணிகத்தையே தடுக்க வேண்டும் என்று மொனாக்கோ நாடு முன்மொழிந்தது. தோஹா நகரில் கூடிய மாநாடு அதனை ஏற்கவில்லை. எனினும், பிடிக்கும் அளவு கடுமையாகக் குறைக்கப்பட்டது. அதன் பயனாக மீன் பெருகியது. அழியும் நிலையில் உள்ளது என்று எண்ணப்பட்டிருந்த நீலத்துடுப்புச் சூரை, 2021-இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தாய்மீன்கள் மிகுந்தபோது கடலும் சில ஆண்டுகளில் துணைநின்றது. துணைநில்லாத ஆண்டுகளில், தாய்மீன் பல இருந்தால்தான் இழப்பைப் பொறுக்க முடியும்.

ஒரு பெண்சூரை தன் வாழ்நாளில் இடும் கோடிக்கணக்கான முட்டைகளுள், தாய்க்கு ஒன்றும் தந்தைக்கு ஒன்றுமாக இரண்டே பிழைத்து வளர்ந்தாலும் இனம் குன்றாது. மூன்று பிழைத்தால் பெருகும். ஒன்றே பிழைத்தால் அருகும். பிழைத்த குஞ்சு, மூன்று நான்கு வாரங்களில் சிறு மீனின் வடிவத்தைப் பெறுகின்றது. இலையுதிர் காலத்திற்குள் ஒரு முழத்தை நெருங்கி வளர்ந்துவிடுகின்றது. அப்போது நீலக்கடலில் அதற்குப் போதிய இரை இல்லை. அது தன்னைப் போன்றவற்றோடு கூட்டமாகச் சேர்ந்து, சிறுமீன்கள் மிகுந்த கரையோரக் கடல்களை நாடிப் புறப்படுகின்றது. பல ஆண்டுகள் கழித்து, உடல் கொழுத்து, ஒரு வேனிற்காலத்தில் மீண்டும் அந்த நீலநீரைத் தேடி வரும்.